காதர் சுட்டதும் நான் பார்த்ததும்

டேங்க் ஓட்டுகிறவனுக்கு எதிரியால் வரும் தொல்லை ஒரு சண்டையோடு தீர்ந்துவிடும்; 'டேங்க்' என்ற சொல்லால் வரும் தொல்லை ஆயுசுக்கும் தீராது. பட்டாளத்தில் நான் ஓட்டியது சங்கிலிச் சக்கரமும் பீரங்கியும் வைத்த டேங்க். பத்திரிகைக்காரர்கள் அதை டாங்கி என்று எழுதுவார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் பார்த்துக்கொண்டது, தூண்களின் மேல் நிற்கிற குடிதண்ணீர் டேங்க். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் ரொம்பக் குறைவு. அவர்களுக்குப் புரியவைக்கப் பார்த்துத்தான் எனக்குப் பாதி முடி கொட்டியது.

தான் செய்கிற வேலை என்னவென்று சொந்த மாமனாருக்கே விளங்கவைக்க முடியாமல் தவித்த அன்பர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொன்ன பாவத்துக்கு, பக்கத்து வீட்டு டிவியைப் பிரித்துப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதி. கிட்டே வந்து உட்காருங்கள்.

சவார்

ஒரு காலத்தில் குதிரைப் படையாக இருந்துவிட்டுப் பிறகு டேங்க் படையாக மாறிய ரெஜிமெண்டுகளில், சாதாரணச் சிப்பாயை 'சவார்' என்பார்கள். குதிரை ஏறுகிறவன் என்று அர்த்தம். நான் கழுதைகூட ஏறியதில்லை. இருந்தாலும் சவார் கோதண்டம் ஆகிவிட்டேன். வீட்டுக்குப் போட்ட முதல் கடுதாசியில் அதைப் பெருமையாக எழுதியிருந்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் டீக்கடையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்திருக்கிறார். 'சவார்' என்பது அவர் வாய்க்குள் போய் 'சவரம்' ஆகி வெளியே வந்திருக்கிறது.

லீவில் வந்து இறங்கிய அன்று வாசலில் ஐந்தாறு பேர் தாடியைத் தடவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மிலிட்டரி கட்டிங் வேண்டுமாம். நான் தொண்டை வறள விளக்கம் சொன்னேன். "வந்தவங்கள வெறும் தலையோட அனுப்பாதேடா, ஒரு கை பாத்து வுடு" என்று அப்பாவே சிபாரிசு செய்தார். சாயங்காலம் எங்கள் ஊர் முடிதிருத்துகிற முனுசாமி அண்ணன் வந்து, உட்காரக்கூட மறுத்து, நின்றபடியே கேட்டார்: "ஏம்பா கோதண்டம், இந்த ஊர்ல இருக்கறதே கொஞ்சூண்டு தலை. அதுலயும் பங்குக்கு வந்துட்டியா?"

கரும்புத் தோட்டம்

எழுபத்தொன்றில் வடக்கே எல்லையைத் தாண்டி, ஓர் ஆற்றையும் தாண்டிப் போய் நடந்த டேங்க் சண்டையைப் பற்றிப் பெரிய அதிகாரிகள் புத்தகம் போட்டிருக்கிறார்கள், படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்திருக்கிறார்கள். அந்தச் சண்டையில் நானும் இருந்தேன். ஆனால் டேங்க் டிரைவரிடம் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் டேங்க்கில் நாலு பேர். மேலே மூடியைத் திறந்து தலையை நீட்டிக்கொண்டு கமாண்டர் சாப், குடகுக்காரர். அவர் காலடியில் பீரங்கி சுடுகிற காதர், நம்ம கூனிமேட்டு ஆள். பக்கத்தில் குண்டு நிரப்புகிற ஏசுதாஸ், நாகர்கோவில். நான் மட்டும் தனியாக முன்னால், கீழே, மூடியைப் போட்டுக்கொண்டு, அரைச் சாண் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆற்றைத் தாண்டினோம், கண்ணிவெடிக்கு நடுவே போட்ட வழியையும் தாண்டினோம். தாண்டிய கொஞ்ச தூரத்தில் வண்டி சேற்றில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. எங்கள் உப்பளத்துச் சேற்றுக்கு அண்ணன் அந்தச் சேறு. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. என் கண்ணாடிக்கு நேரே ஒரு கரும்புத் தோட்டம். அந்த நேரம் பார்த்து எதிரி டேங்க்குகள் பனிமூட்டத்துக்குள் இடது பக்கமாக வந்தன. பீரங்கி இடது பக்கம் திரும்பியது. டேங்க்கின் தலை ஒரு பக்கம், என் முகம் ஒரு பக்கம். ஆக, சரித்திரப் புகழ் பெற்ற அந்தச் சண்டை முழுவதும் நான் கரும்பைத்தான் பார்த்தேன். காதில் மாட்டிய போனில் சாப் "ஃபயர்" என்றார். வண்டியே குதித்தது. "ஷாபாஷ் காதர்!" என்றார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எங்கள்மேல் எதுவோ வந்து மோதி, என் போன் செத்துப்போனது. மேலே இன்னும் பல தடவை வெடித்ததை உட்காருமிடத்தில்தான் உணர்ந்தேன்.

சத்தம் ஓய்ந்து நான் வெளியே வந்தபோது சாப் உயிரோடு இல்லை. காதரின் தோள்மேலேயே சரிந்திருந்தார். எங்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மனுஷன். இத்தனை வருஷம் கழித்தும் அவர் ஞாபகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. காதர் முகமெல்லாம் கரியாக, காது இரண்டும் அடைத்துப்போய், அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்: "சாப் சொல்லச் சொல்ல மூணுடா கோதா! மூணு டேங்க்கு! நீ பாத்தே இல்ல?"

மாப்பிள்ளைக்கு டேங்க் இருக்கிறது

சண்டை முடிந்து அடுத்த லீவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் நாக்கு சுத்தமானவர். "பையன் கவர்மெண்ட்ல டேங்க் ஓட்டறான்" என்று உள்ளது உள்ளபடி சொன்னார். பெண் வீடு உப்பளத்துக்கு நடுவே இருந்த ஒரு குடியிருப்பு. தோண்டினால் உப்புத்தண்ணீர், மழை பெய்தால் உப்புத்தண்ணீர். குடிப்பதற்கு லாரி டேங்க் வந்தால்தான் உண்டு. அதனால் டேங்க் ஓட்டுகிற மாப்பிள்ளை என்றதும் அவர்கள் ஜாதகம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிவான கல்யாணத்தை நான் என் அழகுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

தலைதீபாவளிக்குப் போனபோது வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் குடங்கள். மாமனார் பட்டு வேட்டியோடு வந்து, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மாப்ள, வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்றார். நான் மெதுவாக உண்மையைச் சொன்னேன். குடங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து போன சத்தம் இருக்கிறதே, அதை நான் எந்த யுத்தத்திலும் கேட்டதில்லை. மாமனார் மூன்று வேளை என்னோடு பேசவில்லை. என் மனைவி அம்சா மட்டும் பலகாரத் தட்டை வைத்துவிட்டு யோசனையாகக் கேட்டாள்: "அம்மாம் பெரிய வண்டின்றீங்க, அதுல ஒரு கொடம் தண்ணிகூட வராதா?"

அனுபவம் உண்டா?

பென்ஷனோடு ஊருக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தவனைப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் கூப்பிட்டு அனுப்பினார். அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் புது டேங்க் கட்டி முடித்திருந்தார்கள். "மிலிட்டரியில என்னா வேலை பாத்தே?" என்றார். "டேங்க்குங்க." "எவ்ளோ காலம்?" "சர்வீஸ் முழுக்க அதாங்க." பிரசிடெண்ட் பக்கத்தில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பெருமிதமாகப் பார்த்தார். வேறு ஊர்களில் ஒன்றும் தெரியாதவனையெல்லாம் டேங்க் ஆபரேட்டராகப் போடுகிறார்கள், நமக்கு மிலிட்டரி அனுபவத்தோடு ஆள் கிடைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்சா வீட்டுக் குடங்கள் ஞாபகம் வந்தன. மாமனாருக்காவது ஒரு டேங்க்கை உண்மையாக்குவோம் என்று தலையாட்டிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு, வாசல் வரைக்கும் வந்து, பிரசிடெண்ட் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "அங்க மிலிட்டரி டேங்க்குக்கும் ஏணி இந்தப் பக்கம்தானா?"

பள்ளத்தெரு எல்லை

தண்ணீருக்கு மேட்டுத்தெரு, பள்ளத்தெரு என்ற வித்தியாசம் நன்றாகத் தெரியும். வால்வைத் திறந்தால் பள்ளத்துக்கு ஓடிவிடும், மேட்டில் குழாய் இருமும். அதனால் முதலில் மேட்டுத்தெருவுக்கு, அப்புறம் பள்ளத்தெருவுக்கு என்று முறை வைத்தேன். ஒரு கோடையில் இரண்டு தெருப் பெண்களும் வால்வுக் குழியைச் சுற்றி அணிவகுத்துவிட்டார்கள். நடுவில் நான். இந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தால் அவர்கள் கத்துவார்கள், அந்தப் பக்கம் நகர்ந்தால் இவர்கள். குடத்துக்கு இவ்வளவு பயன்கள் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். சர்வதேச நியாயம் அங்கே செல்லுபடியாகவில்லை. வால்வைத் தொடாமல், போலீஸ் வரட்டும் என்று வரப்புமேல் போய் நின்றுகொண்டேன். அப்போது பள்ளத்தெரு வளர்மதி, ஊரிலேயே பெரிய குரலுக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "பாகிஸ்தான்காரனுக்கே பயப்படாத மனுஷன்னு சொன்னாங்க. பாரு, ஒரு திருகாணியத் திருக இந்த நடுக்கம் நடுங்கறாரு!"

மூடிக்குக் கீழே

டேங்க்கைக் கழுவ மாதத்தில் ஒரு நாள் உள்ளே இறங்க வேண்டும். மேலே ஒரு இரும்பு மூடி. அதைத் தூக்கிக் காலை உள்ளே விட்டு, இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். முதல் தடவை இறங்கியபோது தலையை நிமிர்த்தினேன். இருட்டுக்கு நடுவில் ஒரு வட்டம் வெளிச்சம். சாப்பின் பூட்ஸ் தொங்குகிற இடம் அது. ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "சாப்! காதர் எத்தனை அடிச்சான்? நீங்க பாத்தீங்களே, சொல்லுங்க" என்று வாய்விட்டே கேட்டேன். சுவர் நான் கேட்டதையே திருப்பிக் கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் வரி வசூலிக்கிற ராஜேந்திரன் அந்த நேரம் பார்த்து ஏணி ஏறி வந்து, மூடி வழியாகத் தலையை நீட்டினான். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக் கேட்டான். பிறகு பயந்த குரலில் சொன்னான்: "அண்ணே, உள்ள யார் இருந்தாலும் சரி, மொதல்ல அவங்களையும் கால் கழுவிக்கச் சொல்லுங்க. இது குடிக்கிற தண்ணி."

கேட்காத காது

இப்போது எனக்கும் சரி, காதருக்கும் சரி, எழுபதைத் தாண்டி நாளாகிவிட்டது. டேங்க்கை வேறு ஆள் பார்க்கிறான். காதர் கருவாட்டு வியாபாரத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டு, பொழுது போகாதபோது கூனிமேட்டிலிருந்து பஸ் ஏறி மரக்காணம் வருவான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்தால் ஒரே சண்டைதான். "மூணு" என்பான். "நான் பாத்தது கரும்பு" என்பேன். "கஞ்சப் பிசினாறி, ஒண்ணாவது குடுடா" என்பான். "சாப் ஒரு ஷாபாஷ் சொன்னாரு, அத வேணா எடுத்துக்கோ" என்பேன். ஏசுதாஸ் நாகர்கோவிலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த டேங்க்குக்கு இனி நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். சண்டை போடவாவது ஆள் வேண்டாமா?

போன ஜனவரியில், குடியரசு தினத்துக்கு எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் பொன்னாடை போர்த்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. டீக்கடையில் உப்பு ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். உண்மைப் பெயர் எழுதினால் வம்பு, தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்துக்கு அப்பால் போகாத வீரர். அவர் பேப்பரை மடித்தபடி, "பாய் மூணு டேங்க் அடிச்சாராமே? அந்தப் பக்கம் இருந்தவனுங்களும் அவங்க ஆளுங்கதானே, இவருக்குக் கை ஓடியிருக்குமா? மேடையில சாட்சி வெச்சிச் சொல்லட்டும், பாப்போம்" என்றார். எனக்குச் சுரீர் என்று ஏறியது. ஐம்பது வருஷமாக நான் காதரைச் சீண்டலாம். அது நான். இவர் யார்? கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். காதர் ஒன்றும் கேட்காதவன் மாதிரி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னான்: "குண்டுச் சத்தத்துல போன காதுதான், ஆனா இந்த மாதிரிப் பேச்சு மட்டும் எப்டியோ நல்லாக் கேக்குதுடா. நீ வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

சாட்சி

நான் எந்தக் காலத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்? குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. மேலே என் பழைய தண்ணீர் டேங்க். கீழே நாற்காலியில் நாங்கள் இருவரும், நெஞ்சில் மெடல். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தணிகாசலம். இன்று காதர் பேர் நிற்காவிட்டால் இனி எந்த டீக்கடையிலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். மைக் என் கைக்கு வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்: "காதர் மூணு டேங்க் அடிச்சான். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூணும் பத்தி எரிஞ்சுது. சாட்சி வேணும்னவங்க என்னைக் கேக்கலாம்." கைதட்டல் டேங்க்கில் பட்டுத் திரும்பி வந்தது. தணிகாசலம் காலைக் கீழே இறக்கினார். என்னை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன்.

காதர் காதில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சொன்னான்?" என்று ராஜேந்திரனைக் கேட்டான். அவன் குனிந்து, நான் சொன்னதை வரி விடாமல் காதுக்குள் கத்தினான். காதருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினான். "பொய்! இவன் எங்க பாத்தான்? வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, இவன் மூஞ்சி கரும்புத் தோட்டத்துப் பக்கம் இருந்துச்சு. மூடி வேற போட்டிருந்துச்சு. ஒரு கரும்பையாவது ஒழுங்கா எண்ணியிருப்பானான்னு கேளுங்க!" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அவனுக்காக நான் கட்டிய கோட்டையை அவனே இடிக்கிறானே!

இதற்காகவே காத்திருந்தவர் போலத் தணிகாசலம் எழுந்தார். "அப்போ மூணு டேங்க்குன்னது பொய்தானா பாய்?" சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. காதர் அவரைப் பார்த்தான். கோபம் இல்லை. மெதுவாகத் தன் இடது தோளைத் தொட்டான், சாப் சரிந்த தோள். "எங்க சாப் பாத்தாருங்க. மூணாவது எரியறதையும் பாத்துட்டுத்தான் என் மேல வந்து வுழுந்தாரு. அவருக்கு முன்னாடி நான் பொய் சாட்சி வெச்சிக்க மாட்டேன்" என்றான். முதலில் கைதட்டியது வளர்மதி. அப்புறம் பள்ளத்தெரு, அப்புறம் மேட்டுத்தெரு. வால்வு திறந்ததிலிருந்து அந்த இரண்டு தெருவும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். தணிகாசலம் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எதற்கும் ஐயம் இருக்கக் கூடாது என்று காதர் மைக்கை வாயோடு ஒட்டவைத்து, என்னையும் ஒரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு தடவை தெளிவாகச் சொன்னான்: "நான் சுட்டது நெஜம். இவன் பாத்தான்றதுதான் பொய்."

ஆக, ஒரு டேங்க்குக்குள் உட்கார்ந்து கரும்பைப் பார்த்து, இன்னொரு டேங்க்கின் மேல் ஏறித் தண்ணீரைப் பார்த்து, பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் சொன்ன ஒரே சாட்சியையும் கூட்டாளியே கலைத்துவிட்டான் என்றாலும், காதில் விழுந்த அந்த ஒரு 'ஷாபாஷ்' மட்டும் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.